காலத்துக்கும் நிற்கிற துணி

சுகந்தி உடை மாற்றுகிற அறைகளில் மூன்றாவது கதவுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்ட பிறகுதான் தாமோதரன் எதிரே இருந்த சோபாவில் உட்கார்ந்தான். மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டான். பைக்குள் அவள் போன் இருந்தது, வீட்டுச் சாவி இருந்தது, ஒரு சீப்பு இருந்தது. உடம்பில் இருக்கிற பழைய சுடிதாரையும் அவன் பொறுக்கிக் கொடுத்த துணிகளையும் தவிர அவளிடம் இப்போது வேறெதுவும் இல்லை என்று நினைத்தபோது அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. ஒரு லாட் சரக்கைச் சரிபார்த்துப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டி முடித்த நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கத்துக் கடை, திருப்பூரிலிருந்து இதற்காகவே காரெடுத்து வந்திருந்தான். அள்ளிப் போட்டு விற்கிற கடை இல்லை இது. ஒரு கம்பியில் பத்துத் துணிதான் தொங்கும், ஒன்றோடு ஒன்று உரசாது. வெள்ளைச் சட்டை ஒன்று, கறுப்பு பேன்ட் ஒன்று, கணுக்கால் வரை இறங்குகிற கறுப்பு கவுன் ஒன்று. அவனேதான் எடுத்தான். கோட்டு மட்டும் சுகந்தி அளவில் வெளியே தொங்கவில்லை, உள்ளேயிருந்து எடுத்து வருகிறேன் என்று கடைப் பெண் சொல்லியிருந்தாள். இந்த நாலும் போதும். நாலும் பத்து வருஷம் வரும். கவுன்தான் முக்கியம். வருகிற சனிக்கிழமை, சரக்கு வாங்குகிற ஜெர்மன்காரன் கொடுக்கிற விருந்துக்குக் கம்பெனியில் எல்லாரும் மனைவியோடு வருகிறார்கள். கவுனை எடுக்கும்போது அவன் முதலில் பார்த்தது முன்பக்கத்தை அல்ல. திருப்பிப் பின் கழுத்தைப் பார்த்தான். பிடரிவரை ஏறி மூடியிருந்தது. நடுவில் ஒரே நேர்கோடாக ஜிப். விரலால் அளந்து பார்த்தான். ஒன்றும் தெரியாது. கை முழுக்கை. ஒன்றும் தெரியாது.

அவன் வேலையே அதுதான், பார்ப்பது. ஏற்றுமதிக் கம்பெனியில் தர நிர்ணய மேலாளர். அவன் மேசைக்கு வராமல் ஒரு பனியன்கூடக் கடல் தாண்டாது. துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் போதும், எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே தையல்காரன் அவசரப்பட்டிருக்கிறான், எங்கே எண்ணெய்க் கறையை எச்சில் தொட்டுத் துடைத்திருக்கிறார்கள், எல்லாம் அவன் கண்ணுக்கு முன்னால் தானாக எழுந்து நிற்கும். பிசிறு. அந்த வார்த்தையை நினைத்தாலே அவன் பல் கூசும். மனிதர்களிலும் அவனுக்கு முதலில் பிசிறுதான் தெரிந்தது. எதிரே கண்ணாடிக்கு முன்னால் ஒரு தடித்த ஆள் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு சட்டை போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தோளில் தையல் இரண்டு விரல் கீழே தொங்குகிறது, அது தெரியாமல் சிரிக்கிறான். இவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து அந்தக் கண்ணாடியில் ஒரு இடி இடித்தால் சிரிப்பு எப்படி நிற்கும் என்று தாமோதரன் யோசித்தான். யோசனைதான். கண்ணாடி எப்படிக் கீறும், நெற்றி எந்த இடத்தில் பிளக்கும், வெள்ளைச் சட்டையில் முதல் சொட்டு காலரில் விழுமா பையில் விழுமா, ரத்தம் காய்ந்தால் பருத்தியில் என்ன நிறமாகும், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. அவன் முகம் மட்டும் அமைதியாக இருந்தது. முகத்தை எப்போதும் அவன் இஸ்திரி போட்டுத்தான் வைத்திருப்பான். அந்த ஆள் திரும்பி, "நல்லாருக்குங்களா சார்?" என்று கேட்டான். "ரொம்ப நல்லாருக்குதுங்க," என்றான் தாமோதரன்.

கதவுக்குப் பின்னால் சத்தமில்லை. துணி உரசுகிற சத்தமாவது கேட்க வேண்டும். ஹேங்கர் கொக்கியில் மாட்டுகிற சத்தமாவது. "ஆச்சா?" என்றான். கொஞ்சம் கழித்து, "இல்லீங்க," என்று வந்தது. குரலில் ஒன்றுமில்லை. அழுத குரலா அழாத குரலா என்று பிரித்துப் பார்க்க முடியாத குரல். அதுதான் புதன்கிழமையிலிருந்து அவனை அரித்துக்கொண்டிருந்தது. அழுதால் அவனுக்குத் தெரியும், என்ன செய்ய வேண்டும் என்று. ஒன்பது வருஷமாக அது ஒரு வழக்கப்படி நடந்து வந்தது. அவன் அடிப்பான், அவள் அழுவாள், விடிந்ததும் அவன் காபி போட்டுக் கொடுப்பான், அந்த வாரக் கடைசியில் கடைக்குக் கூட்டிப்போய் நல்லதாக ஒன்று எடுத்துத் தருவான். ஏதாவது ஒன்று அல்ல, நல்லது. ஊட்டியில் ஆரம்பித்தது. கல்யாணமான புதுசு. பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே சந்தையில் பேரம் பேசி ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு, பாதி விலைக்கு முடித்துவிட்டேன் என்று சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்துக்கொண்டு வந்தாள். அவன் லாட்ஜ் அறையில் அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தான். நூல் உருண்டை உருண்டையாக எழும்பியிருந்தது, கக்கத்தில் தையலே பிரிந்திருந்தது. அதை அவளிடம் காட்டினான். அவள், "போனாப் போவுதுங்க, ரெண்டு நாளைக்குத்தானே," என்று சிரித்தாள். ரெண்டு நாளைக்குத்தானே. அந்த வார்த்தைதான். இவள் என்னையும் ரெண்டு நாளைக்கு என்றுதான் கட்டிக்கொண்டாளோ என்று எங்கிருந்தோ ஒரு சூடு ஏறியது, கை நீண்டுவிட்டது. அதுதான் முதல் அடி. கன்னத்தில் விழுந்த சத்தம் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, நனைந்த துணியைக் கல்லில் அறைந்த மாதிரி. மறுநாள் அசல் கம்பளியில் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தான். இன்றைக்கும் அது அலமாரியில் இருக்கிறது, ஒரு நூல் எழும்பவில்லை. அவள் அலமாரியைத் திறந்தால் எல்லாம் அப்படித்தான் தொங்கும். பச்சைப் பட்டு, அது விரல் முறிந்ததற்கு. லினன் புடவை, அது அவள் தம்பி கல்யாணத்தில் அதிகம் பேசியதற்கு. தோல் செருப்பு, அது எதற்கு என்று அவனுக்கே மறந்துவிட்டது. ஊரில் எந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு அலமாரி இருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், உங்க வீட்டுக்காரர்தானே எடுத்துக் குடுத்தாருன்னு. அவள் ஆமாங்க என்பாள்.

புதன்கிழமை என்ன நடந்தது என்றால், ஒன்றும் பெரிதாக இல்லை. அவள் தெருவில் வந்த தள்ளுவண்டியில் மூன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்று நைட்டி வாங்கியிருக்கிறாள். அந்தச் சிவப்பு நைட்டியை அவன் வெள்ளைச் சட்டையோடு மிஷினில் போட்டுவிட்டாள். சட்டை வெளியே வந்தபோது ரோஸ் நிறத்தில் இருந்தது. எந்தச் சட்டை? வெளிநாட்டுப் பருத்தியில் சாம்பிளுக்கென்று வந்து, அவனே அளவு கொடுத்துத் தைத்த சட்டை. அவன் கத்தவில்லை. கத்துகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. டிவி சத்தத்தைக் கூட்டினான், ஜன்னலைச் சாத்தினான், இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினான். அந்த பெல்ட்டுக்கு வயது பதினொன்று. ஒரே தோல், ஒட்டுப் போட்டதல்ல. ஆள் பழகப் பழகத் தோலும் பழகும், வாங்கியபோது இருந்ததைவிட இப்போதுதான் வளைகிறது, கையில் சுற்றிக்கொண்டால் கையோடு ஒட்டிக்கொள்கிறது. முகத்தில் அடிக்கிறவன் முட்டாள். கையில் அடிக்கிறவனும் முட்டாள். அவள் ஏனுங்க, போதுங்க, ஏனுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். திடீரென்று நிறுத்திவிட்டாள். அவன் கை ஓங்கியபடி ஒரு கணம் நின்றது. செத்துவிட்டாளோ என்ற பயம்கூட இல்லை, மிஷின் நின்றுவிட்டால் தையல்காரன் குனிந்து பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். அவள் கண் திறந்திருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு விழுந்த ஒவ்வொரு அடிக்கும் அவள் முதுகு மட்டும்தான் அங்கே இருந்தது, அவள் இல்லை. காலையில் அவன் காபி கொடுத்தான். வாங்கிக்கொண்டாள். குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், "இந்த பெல்ட்டு எந்தக் கடைல வாங்குனீங்க?"

எதற்குக் கேட்டாள்? நாலு நாளாக அந்தக் கேள்வி அவன் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. அவன் கடைப் பேரைச் சொன்னான். "அப்படீங்களா," என்றாள். அவ்வளவுதான். பாராட்டினாளா? தம்பிக்கு ஒன்று வாங்கலாம் என்று நினைத்தாளா? அவன் தூங்கும்போது அதை எடுத்துக் கழுத்தில் போடலாம் என்றா? அன்று முதல் அவன் பெல்ட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறான். படுத்தால் தூக்கம் வருவதில்லை. பக்கத்தில் அவள் மூச்சு ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கிறது, அடிபட்டவள் தூங்குகிறாள், அடித்தவன் விழித்துக்கொண்டிருக்கிறான். என்ன நியாயம் இது. எழுப்பிக் கேட்கலாம் என்று தோன்றும், எதுக்குடி கேட்டே. கேட்டால் அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்றும் தோன்றும். மென்னியைப் பிடித்தால் சொல்வாள். மென்னியைப் பிடித்தால் சொல்ல முடியாது. அவன் மடியில் இருந்த கைப்பையின் வாரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருப்பதை அப்போதுதான் கவனித்தான். விட்டான். நல்ல பை. வார் கொஞ்சம்கூட நீளவில்லை.

"சுகந்தி, என்ன பண்ற உள்ளே?"

"ஜிப்பு எட்டலீங்க. கை பின்னாடி போவ மாட்டேங்குது."

அவன் எழுந்தான். இரண்டடி வைப்பதற்குள் கடைப் பெண் குறுக்கே வந்துவிட்டாள். சின்னப் பெண், இருபது இருபத்திரண்டு இருக்கும், சட்டையில் நஸ்ரீன் என்று பெயர் குத்தியிருந்தது.

"சார், இது லேடீஸ் பக்கம். நீங்க வரக்கூடாதுங்க."

"நான் அவ புருஷன்மா."

"தெரியுதுங்க சார். வேற லேடீஸும் மாத்திட்டு இருப்பாங்கல்ல. நான் போட்டு விட்டுர்றேன்."

அவன் நின்றான். இந்தப் பெண்ணின் காலர் நைந்திருந்தது, பாலியஸ்டர், கக்கத்தில் வேர்வை உப்புப் பூத்திருந்தது, இதைப் போட்டுக்கொண்டு இவள் வரக்கூடாது என்கிறாள். அந்தக் காலரைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் தோள்வரை கிழியும், நூறு ரூபாய்த் துணி அப்படித்தான் கிழியும், சத்தமே வராது. அவன் புன்னகைத்தான். "சரிம்மா, பாத்துப் போட்டு விடு. ஜிப்பு துணியைக் கடிச்சுரப் போவுது." பெண் கதவைத் தட்டினாள், உள்ளே தாழ்ப்பாள் விலகியது, போனாள், கதவு மூடியது. முதுகு. அந்தச் சொல் அவன் தலைக்குள் ஒரு ஓரமாக வந்து நின்றது. ஜிப் போட வேண்டுமென்றால் முதுகைத்தானே பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்றுதான் அவன் பார்த்தான், ஜிப் போட்டுவிடுகிறவர்களுக்கு என்ன தெரியும் என்று பார்க்கவில்லை. போகட்டும். பார்த்தால் என்ன. கடைப் பெண். ஆயிரம் முதுகைப் பார்த்திருப்பாள். சுகந்தி ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள், அவளுக்கு அது பழக்கம், பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன், மாடிப்படியில் தவறிவிட்டது. முதுகில் எப்படி விழுவார்கள், கோடு கோடாக. போகட்டும்.

உள்ளே ஒரு சின்னச் சத்தம், சூடான டம்ளரைத் தெரியாமல் தொட்டுவிட்டவர்கள் இழுக்கிற மூச்சு மாதிரி. ஜிப்பாகத்தான் இருக்கும். அவன் சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடினான், மூடினால் எப்போதும் வருகிற அந்தப் பள்ளிக்கூட மேடைதான் வந்தது. ஏழாம் வகுப்பு. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. தெருக் கடையில் வாங்கிய கால்சட்டை. பரிசு வாங்கிவிட்டுக் குனிந்து கும்பிட்டான், பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை தையல் பிரிந்தது. மைதானம் முழுக்கச் சிரித்தது. வாத்தியார்களும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சேதுபதி என்கிற பையன் மட்டும் ஒரு வாரம் விடாமல் பின்னாலேயே வந்து, கிழிஞ்சுது கிழிஞ்சுது என்று பாடினான். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது தாமோதரன் ஒரு கல்லை எடுத்தான். சேதுபதி குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பின்னந்தலை. கல் கையில் நன்றாகப் பொருந்தியிருந்தது, விளிம்பு மழுங்கின கல். ஒரு தடவை, சத்தம் கேட்டது, பிறகு இன்னொரு தடவை, சத்தம் வேறு மாதிரி கேட்டது, குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, முதலில் வெள்ளையாக, பிறகு சிவப்பாக, பிறகு மறுபடி வெள்ளையாக. சேதுபதி சாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவனுக்கு வார்த்தை குழறிற்று, பாட்டு வரவில்லை. தானாக வழுக்கி விழுந்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். பாசி பிடித்த இடம். அந்த மாதமே மாமா தையல்காரரிடம் கூட்டிப்போய்க் கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டுக் கால்சட்டை தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவன் குனிந்தான், உட்கார்ந்தான், எகிறிக் குதித்தான். பிரியவில்லை. உலகத்தில் பிரியாத பொருள் என்று ஒன்று இருக்கிறது, அதை வாங்கிவிட்டால் யாரும் சிரிக்க முடியாது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. கல்லைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை. வருத்தமும் பட்டதில்லை. கனவில் மட்டும் சில நாள் குழாய் ஓடும்.

கதவு திறந்தது. நஸ்ரீன் மட்டும் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, சாயம் போன துணி மாதிரி. மூக்கு நுனி சிவந்திருந்தது. கடையில் ஏசி அதிகம், இந்தப் பிள்ளைகளுக்கு ஜலதோஷம் விடாது.

"சரியா இருக்குதாம்மா?"

"இருக்குங்க சார்," என்றாள். "கவுன் மேடத்துக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. இப்ப பேன்ட்டு பாக்கறாங்க. நான் அந்தக் கோட்டை எடுத்துட்டு வந்துர்றேன்."

போகும்போது ஒரு ஹேங்கரைத் தட்டிவிட்டாள். குனிந்து எடுத்தாள், மறுபடி விழுந்தது. இவள் என்னிடம் வேலை பார்த்தால் இன்றைக்கே சீட்டுக் கிழித்திருப்பேன் என்று அவன் நினைத்தான். தூரத்தில் அலமாரிகளுக்கு நடுவே அவள் போனில் எதையோ தட்டுவது தெரிந்தது. வேலை நேரத்தில் போன். அவன் கம்பெனியில் செக்கிங் மேசையில் ஒரு பெண் இப்படித்தான் போன் பார்த்துக்கொண்டே ஊசிமுனை ஒடிந்து நின்ற துணியை விட்டுவிட்டாள், அது குழந்தைச் சட்டை, கடல் தாண்டிப் போயிருந்தால் கம்பெனியே போயிருக்கும். அவளைக் கூப்பிட்டு, அவள் சுட்டுவிரலை அந்த ஊசிமுனையின் மேல் வைத்து, தன் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினான். தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே. தெரியுதுங்க சார் என்று அவள் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம். சுற்றி நாற்பது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஒருத்தரும் தலை தூக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த லைனில் ஒரு குறை வந்ததில்லை.

நஸ்ரீன் கோட்டோடு வந்தாள். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி.

"சார், உங்களுக்குத் துணியைப் பத்தி ரொம்பத் தெரியும்னு மேடம் சொன்னாங்க. நீங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான் போட்டுப் பாப்பாங்களாம். இங்க மஞ்ச லைட்டு. அந்த ஜன்னல்கிட்ட வாங்க, பகல் வெளிச்சத்துல தையல் நல்லாத் தெரியும்."

சுகந்தி சொன்னாளா? அவன் நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு முடிச்சு இளகியது. சொல்லியிருக்கிறாள். உள்ளே நின்றுகொண்டு, முதன்முதலாகப் பார்க்கிற ஒரு பெண்ணிடம், என் வீட்டுக்காரருக்குத் துணி தெரியும் என்று. அப்படியென்றால் அந்த பெல்ட் கேள்வியும் இதுதான், கடைப் பேர் கேட்டது இதற்குத்தான், பொருள் அருமை தெரிந்து கேட்டிருக்கிறாள், ஒன்பது வருஷத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். அவன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். கோட்டை வாங்கினான். கனம் சரியாக இருந்தது. கம்பளி, நைசாக முறுக்கின நூல், கையில் பிடித்தால் தண்ணீர் மாதிரி வழிந்தது, விட்டால் சுருக்கமில்லாமல் எழுந்தது. உள்பக்கம் திருப்பினான். அங்கேதான் பொய் தெரியும், எல்லாத் துணியும் உள்பக்கத்தில்தான் பொய் சொல்லும். இது சொல்லவில்லை. லைனிங் கையால் தைத்திருந்தது, தையல் ஒவ்வொன்றும் எறும்பு வரிசை மாதிரி ஒரே அளவில் போயிற்று. காலருக்குக் கீழே மடிப்பைப் பிரித்துப் பார்த்தான், அங்கேயும் அதே அக்கறை, யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் யாரோ ஒருவன் குனிந்து உட்கார்ந்து தைத்திருக்கிறான். காஜா ஓட்டையைச் சுற்றி நூல் அடர்ந்து மேடாக நின்றது. பட்டனுக்கு அடியில் நூல் தண்டு சுற்றியிருந்தது. அக்குளில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான், கிழிக்கிற மாதிரி இழுத்தான், ஒரு புள்ளிகூட வாய் திறக்கவில்லை. பின்னால் யாரோ நடந்து போனார்கள். செருப்புச் சத்தம் மெதுவாக, நின்று, மறுபடி. தைல வாசனை வந்தது, மூட்டு வலிக்குத் தடவுகிற தைலம், வயசான யாரோ. அவன் கண் தையலை விட்டு நகரவில்லை. எங்கேயாவது ஒன்று இருக்கும். ஒரு பிசிறாவது. கைமடிப்பின் உள்ளே, பையின் அடியில், பின்வெட்டின் முனையில், அவன் தேடிக்கொண்டே போனான், தேடத் தேட இல்லாமலே இருந்தது. கண்ணில் நீர் முட்டியது அவனுக்கு. கடைக் கதவு திறந்தால் அடிக்கிற மணி, டிங் என்று ஒரு தடவை அடித்து ஓய்ந்தது.

திரும்பி வந்து மூன்றாவது கதவின் முன்னால் நின்றான். இப்போது அந்தப் பெண் தடுக்கவில்லை. பில் போடும் மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"சுகந்தி, கோட்டு வந்துருச்சு. ஒரு குறை சொல்ல முடியாது. போட்டுப் பாரு வா." கோட்டைக் கதவுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். "நீ சொன்ன மாதிரியே நான் பாத்துட்டேன்." அவன் குரல் இனித்தது, அவனுக்கே தெரிந்தது. "புதன்கிழமை நடந்ததை மனசுல வெச்சுக்காதே. இந்த நாலும் உனக்குக் காலத்துக்கும் வரும்." கதவு மரக்கதவாகவே இருந்தது. "ஏய்." விரலால் தட்டினான். "விளையாடறியா? தாழைத் திற." பக்கத்துக் கதவு லேசாகத் திறந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். அவன் நெற்றியைக் கதவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பல்லிடுக்கில் சொன்னான்: "வீட்டுக்குப் போனா இந்தத் தடவ முதுகோட நிக்காதுடி. தோலை உரிச்சுக் கொடியில காயப் போட்டுருவேன். திற." கையால் தள்ளினான். தாழ்ப்பாள் போடவே இல்லை, கதவு தானாக உள்ளே போயிற்று.

கவுன் கொக்கியில் தொங்கிற்று, ஜிப் மேல்வரை ஏற்றி. சட்டை அதற்குப் பக்கத்தில். பேன்ட் நீளவாக்கில் மடித்து. கண்ணாடியில் அவன் நின்றுகொண்டிருந்தான், தோளில் பெண்கள் கைப்பையும் கையில் கோட்டுமாக. வேறு யாரும் இல்லை.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. கவுனை விலக்கிப் பார்த்தான், அதற்குப் பின்னால் அவள் ஒளிந்துகொண்டிருப்பது போல. பிறகு ஓடினான். தடித்த ஆளை இடித்துத் தள்ளி, கம்பியோடு துணிகளைச் சரித்து ஓடினான். போன் என்னிடம் இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது, எங்கே போவாள், எப்படிப் போவாள், பஸ் ஸ்டாண்டு வரை நடக்கக்கூட முடியாது அவளால், முழங்காலும் வீங்கியிருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மரநிழலில், ஒரு ஆட்டோ கிளம்பிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தப் பழைய மஞ்சள் சுடிதார். அவள் முதுகைச் சாய்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தாள். அவன் கதவைத் தாண்டக் கால் வைத்ததும் வாசலில் இருந்த கம்பங்கள் அலறத் தொடங்கின. கோட்டில் பில் போட்டுக் கழற்றாத திருட்டுத் தடுப்பு வில்லை. காவலாளி குறுக்கே கை நீட்டினார், "சார், பில்லு, சார்." விடுய்யா என்றான். "கோட்டைக் குடுத்துட்டுப் போங்க சார்." கோட்டைக் கீழே போட்டிருந்தால் போயிருக்கலாம். அவன் கை விடவில்லை. அவன் காவலாளியின் மூக்கில் குத்தினான். எலும்பு நொறுங்கின சத்தம் கேட்டது, வெதுவெதுப்பாக விரலில் பட்டது, மறுபடி குத்தினான். காவலாளி விழவில்லை, அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எங்கிருந்தோ இரண்டு ஆண்கள் ஓடிவந்தார்கள், அதில் ஒருவன் அந்தத் தடித்த ஆள், தாமோதரனின் கையை முறுக்கிப் பின்னால் மடக்கினார்கள், தோளில் ஏதோ பிசகியது. ஆட்டோ வளைவில் திரும்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பங்கள் அலறிக்கொண்டே இருந்தன.

அவனை உள்ளே இழுத்து வந்து யாரோ கதவைச் சாத்தினார்கள். யாரோ போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். "அவ என் பொண்டாட்டிங்க," என்று அவன் சொன்னான், மூச்சு வாங்கியது, "மனசு சரியில்லாதவ. எங்கயாவது விழுந்து கிடப்பா. விடுங்க." குரல் பணிவாக இருந்தது, சட்டை கசங்கியிருந்தாலும் நல்ல சட்டை, பார்க்கிறவர்கள் அவனை நம்பத் தொடங்குவது முகத்தில் தெரிந்தது. தடித்த ஆளின் பிடி லேசாகத் தளர்ந்தது. அப்போது நஸ்ரீன் மேசையை விட்டு நடந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

"மேடம் முதுகை நான் பாத்தேன்," என்றாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். "தோல் பிஞ்சு துணியோட ஒட்டிட்டு இருந்துச்சு. அதை எடுக்கறதுக்குள்ள அவங்க என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. ஆட்டோ நான்தான் புக் பண்ணினேன்."

எத்தனை கண்கள் என்று அவனால் எண்ண முடியவில்லை, மைதானம் முழுக்க இருந்தன, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். "எங்க போனா?" என்று கேட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. "எங்க போனா, சொல்லு."

"சொல்ல மாட்டேன் சார்."

பிடி தளர்ந்திருந்த கையை உருவிக்கொண்டு அவன் அறைந்தான். அத்தனை பேர் முன்னாலும், வெள்ளை விளக்குகளுக்குக் கீழே, முகத்தில். அவள் துணிக் கம்பியின் மேல் விழுந்தாள், சட்டைகளோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். யாரோ கத்தினார்கள். நாலைந்து பேர் அவன் மேல் விழுந்து அழுத்தினார்கள், அவன் கன்னம் தரையில் பதிந்தது, அங்கிருந்து அவனுக்கு அவள் முகம் நேராகத் தெரிந்தது. கீழுதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. அவள் அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், அந்த மட்டமான சட்டையின் கையால் வாயைத் துடைத்தாள், சிதறின துணிகளைத் தாண்டி மறுபடி அவன் தலைமாட்டில் வந்து நின்றாள்.

"சொல்ல மாட்டேன் சார்," என்றாள்.